திருமணம் வழியே அமெரிக்க கிரீன் கார்டு: ஐ-130 முதல் ஐ-751 வரை

ஒருவர் அமெரிக்காவில், மற்றவர் வெளிநாட்டில் இருக்கும் தம்பதிக்கான வழிமுறை இது.

முதலில், ஸ்பான்சர் செய்பவர் சிட்டிசனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்று பாருங்கள். சிட்டிசனின் கணவன், மனைவிக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. கிரீன் கார்டுக்காரரின் துணை, ஆண்டு உச்சவரம்பு உள்ள எஃப்2ஏ என்ற விசாப் பிரிவில் வருவார். யாருடைய முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், தன் மனு போட்ட தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஃப்2ஏ-வில் பிள்ளைகள் அதே மனுவில் கூடவே வரலாம். சிட்டிசன் போடும் மனுவில் அது நடக்காது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 (உறவினருக்கான மனுப் படிவம்) போட வேண்டும். இல்லாவிட்டால் துணைக்கு விசா வரும், பிள்ளை பின்தங்கிவிடும். துணையின் முந்தைய உறவில் பிறந்த பிள்ளை என்றால், அதற்கு 18 வயது ஆகும் முன்பே இந்தத் திருமணம் நடந்திருக்க வேண்டும்.

படி 1: ஐ-130 மனு

அமெரிக்காவில் இருப்பவர்தான் போட வேண்டும். துணையின் விவரங்களைத் தரும் ஐ-130ஏ படிவம், இருவருக்கும் 2 அங்குலச் சதுரப் படம், திருமணச் சான்றிதழ், முன்பு மணமானவரென்றால் அது முடிந்ததற்கான ஆவணம் ஆகியவற்றைச் சேருங்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும்; அது முழுமையானது, சரியானது, தனக்கு இரு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

படி 2: உறவுக்குச் சான்று

கல்யாண ஆல்பத்தை மட்டும் அனுப்பினால் போதாது. அது ஒரு நாளைத்தான் காட்டும்; அதிகாரி தேடுவது அதற்கு முன்னும் பின்னும் ஓடும் வாழ்க்கையை. சந்தித்த பயணங்களின் டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, பணம் அனுப்பிய ரசீது, கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் துணையின் பெயர், மாதத்துக்கு ஓரிரு பக்கம் உரையாடல் என்று தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒரே மாதத்தில் நூறு படம் இருந்து, அடுத்த ஓராண்டு வெறுமையாக இருந்தால் அங்கேதான் கேள்வி எழும். பெயரையும் தேதியையும் ஆவணத்துக்கு ஆவணம் ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாகவும் திருமணச் சான்றிதழில் இனிஷியலாகவும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வையுங்கள்.

படி 3: தேசிய விசா மையம்

ஐ-130 ஏற்கப்பட்டால் உறவு ஏற்கப்பட்டது என்றுதான் பொருள். விசா இன்னும் இல்லை. மனு அடுத்து தேசிய விசா மையத்துக்குப் போகும்; இங்கே கட்டணம் கட்டி, டிஎஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தை நிரப்பி, போலீஸ் சான்றிதழும் ஐ-864 நிதி உறுதியும் ஏற்ற வேண்டும். ஸ்பான்சரின் வருமானம் பொதுவாக வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் கூட்டு ஸ்பான்சர் சேர்க்கலாம். அவருக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: விவாகரத்து ஆனாலும் ஐ-864 பொறுப்பு நீங்காது.

படி 4: மருத்துவம், இன்டர்வியூ

தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே பரிசோதனை. இன்டர்வியூவில் பெரும்பாலும் மனுவில் எழுதியதைக் கேட்பார்கள். அனுப்பிய நகலை இருவருமே முன்பே படித்துவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன தேதி, பொய்போலப் பதிவாகிவிடும்.

படி 5: நுழைந்த பிறகு

அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால், 2 ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டே வரும். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாளுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து போட வேண்டும். தவறினால் குடியிருப்பு உரிமையே போய்விடலாம். அதற்குள் மணமுறிவோ வன்முறையோ நேர்ந்திருந்தால், விலக்குக் கேட்டுத் தனியாகவே போடலாம். துணையின் கையெழுத்துக்காகக் கொடுமையைச் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.