வீடு மாறும்போது டிவி கம்பெனியிடம் 'சரி' சொல்லும் முன்

ஊரில் கேபிள்காரரிடம் "அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்ண்ணே" என்றால் விஷயம் முடிந்தது. கனடாவில் அப்படி முடியாது. இது எனக்குப் புரிய 240 டாலர் பில் ஒன்று வர வேண்டியிருந்தது.

அம்மா சூப்பர் விசாவில் (பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்குவதற்கான விசா) வந்து தங்கியபோது, அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று தமிழ்ச் சேனல்களோடு டிவி இணைப்பு எடுத்தோம். இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிய நான்கு மாதம் இருக்கும்போது ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம் வந்தோம். போன் செய்தேன். "அதே பேக்கேஜைப் புது வீட்டுக்கு மாற்றித் தருகிறோம், சரியா?" என்றார்கள். சரி என்றேன். ஆறு மாதம் கழித்து அம்மா ஊருக்குத் திரும்பியதும் இணைப்பை நிறுத்தச் சொன்னால், இடையில் நிறுத்தியதற்குக் கட்டணம் என்று பில் வருகிறது. நான் சொன்ன அந்த 'சரி'யோடு புதிதாக 24 மாதம் தொடங்கிவிட்டதாம்!

வீடு மாறினாலும் பேக்கேஜ் மாற்றினாலும் தள்ளுபடி கொடுத்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் ஒப்பந்தம் முடியும் தேதி மாறுகிறதா?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பேசியவர் பெயர், தேதி, ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் குறித்துவையுங்கள்.

பில் வந்துவிட்டதா? கோபத்தில் மொத்தப் பணத்தையும் நிறுத்திவிடாதீர்கள். கணக்கு வசூல் நிறுவனத்துக்குப் போனால் இப்போதுதான் முளைவிடும் உங்கள் கிரெடிட் வரலாறு கெடும். தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டு, மீதியை ஏன் ஏற்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள்.

போனில் இரண்டு முறை மன்றாடியும் எனக்குப் பலனில்லை. அப்புறம்தான் புது வீட்டுக்கான ஒப்பந்த நகலை எழுத்தில் கேட்டேன். வந்த தாளில் முகவரியும் மாதக் கட்டணமும் இருந்தன. 24 மாதம் என்ற பேச்சே இல்லை. கனடாவின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி.யின் டிவி சேவை நெறிமுறை 2017 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் தெளிவில்லாத இடத்தை வாடிக்கையாளருக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்கிறது அது. அந்த வரியைக் குறிப்பிட்டு, டிவி, தொலைபேசிச் சேவைப் புகார்களை விசாரிக்கும் சி.சி.டி.எஸ். அமைப்பிடம் இணையத்தில் புகார் கொடுத்தேன். அங்கே போகும் முன் கம்பெனியிடம் முறையிட்டுப் பார்த்திருக்க வேண்டும், நிபந்தனை அவ்வளவுதான். செலவு எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் கம்பெனியே கூப்பிட்டு 240 டாலரையும் நீக்கியது. அதுவரை என்னிடம் எரிந்துவிழுந்தவர்கள் அன்று அவ்வளவு பணிவு.

"நிறுத்த 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2015 ஜனவரி 23 முதல் அதற்குத் தடை; நீங்கள் சொல்லும் நாளிலேயே ரத்தாக வேண்டும். ஒன்டாரியோவில் வீட்டு வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தால், ஒப்பந்த நகல் கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம்.

இணைப்பை நிறுத்தி, கம்பெனி கொடுத்த செட்-டாப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அதே எண் அச்சான ரசீதை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.