காலையில் பத்மநாபபுரம், மாலையில் வடசேரி: ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

விடுமுறை நாளொன்றில் கலைப்பொருள்களைப் பார்க்கவும் கடைவீதிகளில் நிதானமாகச் சுற்றவும் விரும்புபவர்கள், குமரி மாவட்டத்தை விட்டு வெளியே போகாமலேயே இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனையை முதலிலும் நாகர்கோவில் வடசேரிக் கடைகளைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கைவேலையைச் சில மணி நேரம் கூர்ந்து பார்த்த பிறகு கடைக்குள் நுழைபவரால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை ஓரளவு தாமாகவே கணிக்க முடியும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. 1956 நவம்பர் 1 அன்று குமரிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தபோதும், இந்த அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. ஆகவே கேரள அரசின் விடுமுறைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நவராத்திரியை ஒட்டி, தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும். அந்தக் காட்சியைக் காண வேண்டுமென்றால் அன்றைக்கே செல்லுங்கள்; சிற்பங்களை நின்று பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்குச் செல்லாதீர்கள்.

இரண்டாம் படி: புறப்படுதல்

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரம் செல்லும் பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்குங்கள். தொலைவு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அங்கிருந்து அரண்மனை சுமார் 2 கிலோமீட்டர். ஆட்டோவில் சென்றால் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உள்ளே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும் என்பதால், எளிதில் கழற்றக்கூடிய செருப்பு போதும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. மதியம் உணவு இடைவேளைக்காக மூடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்ச் சேர்வது நல்லது.

மூன்றாம் படி: அரண்மனையைப் பார்க்கும் விதம்

முதன்முறை வருபவர்கள் பலர், கூட்டத்தோடு நடந்து அரை மணி நேரத்தில் மறுபக்கம் வெளியேறிவிடுகிறார்கள். பார்வையாளர்கள் ஒரே வழியாகச் செல்லும்படி அமைத்திருப்பதால், தவறவிட்ட இடத்துக்குத் திரும்புவது எளிதல்ல. எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாமல் நான்கைந்து இடங்களை முன்பே தேர்ந்துகொண்டு, அவற்றில் மட்டும் நெடுநேரம் நில்லுங்கள்.

நுழைந்தவுடன் வரும் பூமுகத்தில் தலையை நிமிர்த்துங்கள். மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கமாக உள்ள இரண்டு பூக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இதழ்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டாலே தச்சரின் கைத்திறன் புலப்படத் தொடங்கும். மாடியிலுள்ள மந்திரசாலையில் (மன்னரின் ஆலோசனைக் கூடம்), மைக்கா பதித்த சாளரங்கள் வெயிலின் வெப்பத்தைத் தடுத்து ஒளியை மட்டும் உள்ளே விடுவதைக் கவனியுங்கள். காலுக்குக் கீழே கண்ணாடி போல் மின்னும் கருந்தரையை, சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து உருவாக்கினார்கள் என்று வழிகாட்டிகள் கூறுவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஊழியர் ஒருவர் விளக்கம் சொல்ல நிற்பார். அவரிடம் தயங்காமல் கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.

வளாகத்தின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். அங்குள்ள ஏகாந்த மண்டபத்தின் பலாமரத் தூணை, அருகில் சென்றும் பின்பு சற்றுத் தள்ளி நின்றும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் எழுந்த உப்பிரிகை மாளிகையில், மருத்துவ குணமுள்ள பலவகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. மாளிகையின் மேல்தளத்துச் சுவரோவியங்கள் புகழ் பெற்றவை என்றாலும், அவற்றைப் பாதுகாப்பதற்காகப் பொதுவாக யாரையும் மேலே விடுவதில்லை. அதற்காக ஏமாற்றமடைய வேண்டாம். இறுதியில் வரும் நவராத்திரி மண்டபம் முழுக்கக் கல்லால் ஆனது. அதுவரை மரத்திலேயே பழகிய கண்ணுக்கு, அதே நுணுக்கத்தைக் கல்லில் காண்பது தனி அனுபவம். என் கணிப்பில், இந்த மாற்றத்தை உணரவாவது இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் கால்கள் ஓய்வு கேட்கும். இருப்பினும் வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தைத் தவிர்க்காதீர்கள். கல்வெட்டுகளையும் மரச்சிற்பங்களையும் அங்கே கண்மட்டத்தில் பார்க்கலாம்.

நான்காம் படி: வடசேரியில் நகை பார்த்தல்

தக்கலையில் சாப்பிட்டுவிட்டு வடசேரிக்குத் திரும்புங்கள். நாகர்கோவில் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வடசேரியில்தான் அவற்றைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். தெய்வத் திருமேனிகளுக்காகத் தோன்றிய இந்த நகைகளை இன்று பரதநாட்டியக் கலைஞர்களும் மணப்பெண்களும் பெருமளவில் வாங்குகிறார்கள். மரபான முறையில், வெள்ளிச் சட்டத்தில் அரக்கு நிரப்பிச் சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களைப் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுவார்கள்.

கடையில் நகையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். அடிப்படை வெள்ளியா, செம்பா என்று கேளுங்கள். தங்க ரேக்கு ஒட்டியதா, வெறும் முலாம் பூசியதா என்பதையும் கேளுங்கள். விலையின் பெரும் வேறுபாடு இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. பிறகு நகையைத் திருப்பிப் பின்பக்கத்தின் சீர்மையைப் பாருங்கள். கற்களின் மீது விரலை மெதுவாக ஓட்டி, ஏதேனும் ஆடுகிறதா என்று சோதியுங்கள். செம்பில் செய்தது என்பதாலேயே அது மட்டமான பொருளாகிவிடாது. அதை வெள்ளி விலைக்கு வாங்குவதுதான் நட்டம். வாங்கும்போது உலோகத்தைக் குறிப்பிட்டுப் பில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பஞ்சில் பொதிந்து வையுங்கள். தண்ணீரும் வாசனைத் திரவியமும் படக்கூடாது.

ஐந்தாம் படி: தின்பண்டங்கள்

நேந்திரங்காய் சிப்ஸைத் தேங்காயெண்ணெயில் கண்ணெதிரே பொரித்துத் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். சூடு ஆறும் முன் பையைக் கட்டினால் நமுத்துப்போகும். புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழம் வடசேரி கனகமூலம் சந்தையில் கிடைக்கும். தோல் மெல்லியது என்பதால் அதைக் கடைசியாக வாங்கிப் பையின் மேற்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.