முதல் ட்ரெக்கிங்கா? கணக்கை இறக்கத்திலிருந்து தொடங்குங்கள்

மலையேற்ற வீடியோக்களில் இறங்குகிற காட்சி மட்டும் வரவே வராது. உச்சியில் கையை விரித்து நிற்பதோடு படம் முடிந்துவிடும். ஆனால் கால் பிசகுவது, தண்ணீர் தீர்வது, இருட்டில் வழி மாறுவது என்று வருகிற தொல்லைகள் பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் வரும். அதனால் இந்தச் செய்முறையில் எல்லாக் கணக்கையும் அடிவாரத்துக்குத் திரும்பி வருகிற நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடப்போகிறோம்.

இதுவரை மலை ஏறியே பழகாதவர்கள் தமிழ்நாட்டுக்குள் ஒரே நாளில் போய்த் திரும்புகிற ட்ரெக்குக்காக எழுதியது இது. இமயமலை வேறு விஷயம். அங்கே உயரமே உடம்பைப் படுத்தும், அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

படி 1: முதலில் மாதம், அப்புறம் மலை

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நம் பக்கத்து மலைகளுக்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறை, நீலகிரியின் மேற்குப் பக்கமெல்லாம் மழையும் அட்டையும்தான். அக்டோபர், நவம்பரில் ஓடைகளை நம்ப முடியாது. நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட இருக்காது, மேலே எங்கோ பெய்த மழை திடீரென்று கலங்கலாக இறங்கி வரும்.

பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீக் காலம். 2025-இல் வனத்துறை தன் ட்ரெக்கிங் பாதைகளை பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியது இதற்காகத்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கொழுக்குமலைக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். மேலே இருக்கிற புல்லை அனல் முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது, தீ வந்து தொட்டதும் பற்றிக்கொள்கிறது. ஆள் மேல்நோக்கி ஓடி அதை முந்துவது நடக்காத காரியம். காய்ந்த புல்மேடு தெரிகிற மாதத்தில் போகாமல் இருப்பதுதான் இதற்கு ஒரே வழி.

படி 2: அனுமதியைக் கண்ணால் பாருங்கள்

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். இப்போது அனுமதி வாங்குவது பழையபடி சிரமமும் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். கூட வருகிற வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையில் வாழ்கிற பழங்குடி மக்கள்.

வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆள் சேர்க்கிறவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எந்தப் பாதை, எந்தத் தேதி, எத்தனை பேருக்கு அனுமதி என்று வனத்துறையின் அனுமதிக் கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள். “அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வண்டியில் போகிறீர்கள் என்றால் இ-பாஸ் வேண்டுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் நடைக்கு என் தேர்வு கோத்தகிரியின் லாங்வுட் சோலை. வெயிலடிக்கிற தேயிலைத் தோட்டத்திலிருந்து சோலைக்குள் கால் வைத்ததும் குளிர் முகத்தில் அறையும். மரத்தண்டெல்லாம் பாசி, காலடியில் சத்தமே எழாத இலைமெத்தை. ஊட்டியிலேயே இருக்கிற கெய்ர்ன் ஹில்லும் அப்படித்தான். சென்னைக்காரர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் கூடியம் குகைகள் இருக்கின்றன. கற்கால மனிதர்கள் புழங்கிய பகுதி அது. புதர்க்காடு, நிழல் குறைவு. வெயிலுக்கு முன்னால் நடந்துவிட வேண்டும்.

முதல் ட்ரெக்கே வெள்ளியங்கிரிதான் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். பக்தி இருக்கிறது, நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், சரி. ஆனால் அது ஏழு மலை. பாதி பேர் ராத்திரியில் தூக்கமில்லாமல் ஏறுகிறார்கள். இரண்டு சின்ன மலைகளாவது ஏறி இறங்கிவிட்டு அங்கே போவது நல்லது. மூச்சுத்திணறலில் அந்தப் பாதையிலேயே உயிர் போனவர்கள் உண்டு.

படி 3: நேரக் கணக்கு

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தப் படியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதை போக வர 10 கிலோமீட்டர், ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நைஸ்மித் கணக்கில் மூன்று மணி நேரம். ஆனால் அது நல்ல பழக்கமுள்ளவர் எங்கும் நிற்காமல் நடக்கிற வேகம். புதியவர்கள் அதை இரண்டால் பெருக்குங்கள், ஆறு. சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும் ஒரு மணி நேரம். ஆக ஏழு.

இனி பின்னாலிருந்து வாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். சூரியன் ஆறுக்கு மேல்தானே மறைகிறது, ஏன் மூன்று என்று கேட்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். ஊரில் வெயில் அடிக்கும்போதே மரத்தடியில் மங்கத் தொடங்கியிருக்கும். யானைகள் தண்ணீருக்கு இறங்குவதும் சாயங்காலம்தான். கோடையிலும் மழைக்காலத்திலும் இடிமழை கட்டுவதும் பிற்பகலுக்கு மேல். மூன்றுக்கு இறங்கத் திட்டமிட்டால், ஒருவருக்குக் கால் சுளுக்கினாலும் கையில் இரண்டு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

மூன்றிலிருந்து ஏழைக் கழித்தால் காலை எட்டு. எட்டுக்குக் கிளம்ப வேண்டுமானால் ஏழரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் ‘ஏழரை’ என்றால் எட்டேகாலுக்கு வருவார்கள், அதனால் ஏழு என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது திரும்பும் நேரம். இறக்கத்துக்கு இடையில் நிற்பதையும் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். மூன்றில் மூன்று போனால் பகல் பன்னிரண்டு. பன்னிரண்டு மணி ஆனதும் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டியதுதான். இதைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லி, தலையாட்ட வைத்து, போனில் அலாரமும் வைத்துவிடுங்கள். மேலே போனபிறகு பேசினால் “இன்னும் பத்தே நிமிஷம்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் ஆரம்பிப்பார்.

கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள்: எந்தப் பாதை, யார் யார், கைடின் எண், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும். “ட்ரெக்கிங் போறேன்மா” என்பது மட்டும் போதாது.

படி 4: படியில் இறங்கிப் பழகுங்கள்

மூன்று வாரம் போதும். ஐந்து கிலோ பையை மாட்டிக்கொண்டு அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏறுங்கள். இறங்கும்போது லிஃப்ட் வேண்டாம், நடந்தே இறங்குங்கள். முட்டியும் தொடையும் வாங்கப்போகிற அடிக்கு அதுதான் பயிற்சி. மலைக்கோட்டை, பழனி, திருக்கழுக்குன்றம் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

படி 5: பையில் என்ன?

ஷூவை முதலில் பார்ப்போம். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள், இரண்டு வாரமாவது தெருவில் போட்டு நடந்திருக்க வேண்டும். முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். ஏறும்போது லேஸ் சற்றுத் தளர்வாக இருக்கலாம். இறங்கத் தொடங்கும் முன் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டிப் பின்பக்கம் ஒட்ட வைத்து, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சரியாது, கட்டைவிரல் நகம் கறுத்துப்போகாது. ஒரு நிமிட வேலை, ஆனால் செய்கிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டி ருசி பார்க்கக் கூடாது. புளியோதரை, கடலை மிட்டாய், பேரீச்சை போதும். பகல் ட்ரெக்தான் என்றாலும் டார்ச் வேண்டும், தலையில் மாட்டுகிற வகை என்றால் கை இரண்டும் சும்மா இருக்கும். ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வழி தவறினால் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவதைவிட மூன்று மூன்று முறையாக ஊதலாம். மழைக்கோட்டு, கிரேப் பேண்டேஜ், வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை மேலே காற்றில் நடுக்கிவிடும், சீக்கிரம் காய்கிற துணி நல்லது.

சென்ட் வேண்டாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவருகிறவரை வண்டியிலேயே விட்டுவிடலாம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அது தேடித் தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும்.

படி 6: நடை

கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரைக் கைடுக்கு அடுத்து நிறுத்துங்கள், வேகக்காரர்கள் பின்னால் வரட்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். தலைசுற்றல், குமட்டல், திடீரென்று வியர்வை நிற்பது, உளறல் எல்லாம் வெயில் தாக்குவதன் அறிகுறி. நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறி, அங்கிருந்தே திரும்ப வேண்டும். நெஞ்சு வலி என்று ஒருவர் சொன்னால் ‘கேஸ் ட்ரபிள்’ என்று தட்டிவிடாதீர்கள்.

படி 7: காட்டுக்காரர்கள்

கைடு நின்று ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் காற்றில் விடுவதைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். தூசி போகிற பக்கம் உங்கள் வாசனையும் போகும், அந்தப் பக்கம் யானை இருக்கிறதா என்பதுதான் அவர் கவலை. போன், செல்ஃபி எதுவும் வேண்டாம். அவர் சொல்கிற பக்கம் வந்த வழியே நகருங்கள். காட்டுமாட்டுக்கும் இதேதான். தனியாக நிற்கிற ஒற்றைக் காட்டுமாடு சாதுவாகத் தெரியும், அதை நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் சத்தமும் புகையும் ஆகாது. கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், கையை வீசி அடிக்கக் கூடாது.

அட்டை கடித்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பிவிடுங்கள், அல்லது உப்பு போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சிக்னல் கிடைத்ததும் 108. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கும். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

படி 8: இறங்கிய பிறகு

முதல் வேலை, காலையில் மெசேஜ் போட்டவருக்கு “இறங்கியாச்சு” என்று சொல்வது. பிறகு தங்கும் இடத்தில் துணியை மாற்றி, அக்குள், இடுப்பு மடிப்பு, காது மடல் வரை உண்ணி, அட்டை பாருங்கள். போட்டிருந்த துணியைத் தனியாக வெந்நீரில் போடுங்கள்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள் தொடை அதிகமாக வலிக்கலாம், பயப்பட வேண்டாம், இறக்கத்தின் வேலை அது. மெல்ல நடந்தால் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும்.

காய்ச்சல் வந்தால் மட்டும் அலட்சியம் கூடாது. புல்லிலும் புதரிலும் இருக்கிற சின்ன ஒட்டுண்ணிப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் ட்ரெக்கே மறந்துபோயிருக்கும். காய்ச்சல், தலைவலியோடு, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும், எந்தத் தேதியில் காட்டுக்குள் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் எளிதில் கிடைக்கிற மாத்திரையிலேயே குணமாகிவிடும்.