தொட்டி மாற்றியபின் இலை கொட்டும் ஃபைகஸ் போன்சாய்: தேற்றுவது எப்படி?

தொட்டி மாற்றிய சில நாட்களில் ஃபைகஸ் போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்க்கும் ஆல், அத்தி இன மரம்) மஞ்சளாகி இலை உதிர்த்தால், புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய்த் தண்ணீரும் உரமுமாக ஊற்றுவார்கள். இலை உதிர்வதைவிட அந்த வைத்தியம்தான் மரத்துக்கு ஆபத்து.

மண் மாற்றும்போது சல்லிவேர்கள் அறுந்துபோகின்றன. நீரை உறிஞ்சுபவை அவைதான். கீழே வரத்து குறைந்திருக்க, மேலே இலைகள் பழையபடியே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் மரம் இலைகளைக் கழிக்கிறது. புது வேர் பிடிக்கும்வரை அதைக் காப்பதே நம் வேலை.

1. சிறு கிளையொன்றின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே, அடிமரம்வரை சுரண்டிப் பாருங்கள். ஃபைகஸ் அடிமரத்திலிருந்தும் துளிர்க்கும். மொட்டையாக நிற்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2. வெளிச்சமான நிழலில் வையுங்கள். மொட்டை மாடி என்றால் 50 சதவீத நிழல்வலை போதும். இருட்டு மூலையும் ஏசி காற்றும் ஆகாது.

3. மரம் தொட்டியில் ஆடினால் கயிற்றால் தொட்டியோடு சேர்த்துக் கட்டுங்கள். ஆட ஆடப் புது வேர்நுனி முறியும்.

4. தண்ணீர் விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இலை குறைந்த மரத்துக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் தேவை. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். தினமும் இத்தனை மணிக்கு என்று கணக்கு வைக்காதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். நன்றாக ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரம் லேசாகத்தான் இருக்கிறது என்றால், அடித்துளை வழியாக வழியும்வரை பூவாளியால் ஊற்றுங்கள். மண் நாள்கணக்கில் காயவில்லையா? தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கட்டை கொடுத்துச் சரித்து வையுங்கள். தேங்கிய நீர் வடியும். மண்ணில் துர்நாற்றம் வந்தால் மட்டும் மரத்தை வெளியே எடுத்து, கூழான வேர்களை வெட்டிவிட்டு, நீர் தேங்காத பருமணல் கலவையில் நடுங்கள். வேறு எதற்காகவும் மறுபடி வேரைத் தொடாதீர்கள்.

5. வறண்ட காற்று வீசும் ஊர் என்றால், துளையிட்ட பாலித்தீன் பையால் மரத்தைத் தளர்வாக மூடலாம். தினமும் சற்று நேரம் திறந்துவிடுங்கள். மூடியபடி வெயிலில் வைத்தால் மரம் வெந்துவிடும். கடலோர ஊர்களில் பெரும்பாலும் இது தேவைப்படாது.

6. உரம், கத்தரிப்பு, கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றுவது எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். அறுபட்ட வேர்களை உரத்தின் உப்பு மேலும் கருக்கும்.

நம் ஊர் வெப்பத்தில் பொதுவாக நாலு முதல் ஆறு வாரத்தில் துளிர் வரும். துளிரைக் கண்டதும் அவசரப்படாதீர்கள். தண்டில் மிச்சமிருந்த சேமிப்பிலிருந்தும் அது வரலாம். இலை விரிந்து, தடித்து, கரும்பச்சையானபின் பாதி அளவில் உரம் கொடுங்கள். காலை வெயிலில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகப் பழைய இடத்துக்கு நகர்த்துங்கள். அடுத்த தொட்டி மாற்றத்தை இரண்டு வருடமாவது தள்ளிப்போடுங்கள்.