பைக் ரேஸில் மார்ஷலாக நிற்பது எப்படி?

ரேஸை கிட்டத்தில் நின்று ஓசியில் பார்க்கலாம் என்றுதான் நானும் முதல்முறை போனேன். அன்று யார் வென்றார் என்பதை, திரும்பி வரும்போது பண்டாரவளை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ட்ராக் ஓரத்தில் கொடி காட்டி, விழுந்தவரைக் கவனிக்கும் ஆள்தான் மார்ஷல். அவர் ரேஸ் பார்ப்பதில்லை. தனக்கென்று தந்த ஒரு வளைவை மட்டும் பார்ப்பார். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

1. பெயர் கொடுப்பது

இலங்கை மலைநாட்டில், ஏப்ரல் சீசனில் நுவரெலியா, தியத்தலாவை பக்கம் போட்டி அறிவிப்பு வந்ததும், நடத்தும் கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். புது ஆள் என்பதை மறைக்காதீர்கள், பழைய மார்ஷல் ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள். விபத்துக் காப்புறுதி உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டால் ட்ராக்கில் இறங்க வேண்டாம்.

2. உடுப்பு

சிவப்பும் மஞ்சளும் ஆகாது. மழைக்கோட்டுக்கும் இதே கதைதான். மூடுபனிக்குள் வரும் ரைடருக்கு உங்கள் மஞ்சள் கோட்டு கொடியாகத் தெரியும். நெருப்புப் பட்டால் நைலோன் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தி நல்லது. கணுக்கால் மூடும் சப்பாத்து, விசில், காதடைப்பு வேண்டும். ரொட்டியும் பிளேன்டியும் கையோடு இருக்கட்டும், நடுவில் கடைக்கு ஓட முடியாது.

3. நிற்கும் இடம்

வளைவின் வெளிப்பக்கமும், பைக் பாய்ந்து இறங்கும் இடமும் கூடவே கூடாது. வேகம் மீறினால் வண்டி அங்கேதான் வரும். மண்மேட்டுக்குப் பின்னால் நின்று, எந்தப் பக்கம் பாய்வது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

சனத்துக்கும் இதே விதிதான். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று ட்ராக்கை விட்டு விலகி 7 பேர் இறந்தார்கள். போட்டி உதவியாளர்களும் அதில் அடக்கம். கயிற்றைத் தாண்டி வருபவர் சொந்த மாமாவாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். “அயின் வென்ன” என்று சிங்களத்திலும் சொல்லப் பழகுங்கள், பாதிப்பேருக்கு அதுதான் புரியும்.

4. கொடி

மஞ்சளை ஆட்டினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே என்று அர்த்தம். நீலம், பின்னால் வேகமான ஆள் வருகிறார் என்பதற்கு. மண் ட்ராக்கில் வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கொடி, மருத்துவக் குழு உள்ளே இருப்பதைச் சொல்லும். சிவப்பு என்றால் போட்டி நிறுத்தம், மேலிடத்து உத்தரவில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

ஆட்டுவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. எட்டுப் போடுவதுபோல் ஆட்டினால்தான் துணி விரிந்து நிற்கும். பின்னேர மழையில் ஒருமுறை என் கொடி கம்போடு சுருண்டு ஒட்டிக்கொண்டது. நான் ஆட்டியது வெறும் தடியை! இரண்டு பைக் வேகம் குறையாமல் தாண்டிப் போனபிறகுதான் எனக்கே விளங்கியது. நல்லவேளை, விழுந்தவர் ஏற்கெனவே ஓரத்துக்கு வந்திருந்தார். அன்றிலிருந்து மழை தூறினால், வண்டி வராத நேரத்தில் கொடியை உதறிக்கொண்டே இருப்பேன்.

5. யாராவது விழுந்தால்

கால் தானாக ஓடப் பார்க்கும். அதை அடக்குங்கள். முதலில் மஞ்சள் ஆட வேண்டும். ஒருவர் கொடியோடு நிற்க, மற்றவர் வண்டிகள் வரும் திசையைப் பார்த்து, இடைவெளி கிடைத்தால் மட்டும் உள்ளே போகலாம். முதுகை மட்டும் அந்தத் திசைக்குக் காட்டவே கூடாது.

ரைடர் எழுந்து நடந்தால் ஓரத்துக்குக் கூட்டி வாருங்கள். எழும்பாவிட்டால் தூக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் நம் உதவியே வினையாகிவிடும். வோக்கி டோக்கியில் வளைவின் இலக்கம், ரைடரின் இலக்கம், அசைகிறாரா இல்லையா, இவ்வளவு சொன்னால் போதும்.

அப்புறம் பைக். என்ஜின் ஓடினால் ஹேண்டிலில் உள்ள சுவிட்சை அழுத்தி நிறுத்துங்கள். சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும், தொட்டால் தோல் உரியும். இடப்பக்கமாக நின்று தூக்குங்கள்.

கடைசி பைக் போனதும் கிளம்பிவிடாதீர்கள். ட்ராக்கைச் சுற்றிவரும் அதிகாரியின் வண்டி உங்களைத் தாண்ட வேண்டும். கொடிகளை எண்ணிக் கொடுங்கள், நனைந்திருந்தால் பிழிந்து கொடுங்கள்.