ஐப்பசியில் ஏற்காடு: காட்டுயிர் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஏற்காடு போய் வந்தவரிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். காட்டெருமை கண்ணில் பட்டதா இல்லையா என்பதுதான் பதிலாக வரும். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. காட்டெருமை எந்த மாதத்திலும் காப்பித் தோட்டத்துக்குள் வரும். வடகிழக்குப் பருவமழையின் விசேஷங்கள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான்.

மழை பெய்த மறுநாள் பாதையில் விரல் தடிமனில், சாண் நீளத்தில் ஏதாவது நெளிந்தால் புழு என்று மிதிக்கவும் வேண்டாம், பாம்பு என்று அடிக்கவும் வேண்டாம். அது கேடயவால் பாம்பாக இருக்கலாம். தலை கூராக இருக்கும். வால் நுனியோ சாய்வாக வெட்டிவிட்டது போலிருக்கும். அந்த இடத்துச் சொரசொரப்பான செதில்களில் மண் அப்பியிருக்கும். மண்ணுக்குள் மண்புழு தின்று வாழ்கிற, விஷமில்லாத பிராணி. 1863-இல் பெடோம் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர், ஏற்காடு இருக்கும் இதே சேர்வராயன் மலையிலிருந்து விவரித்த இனம் ஒன்றும் இந்த வகையில் உண்டு. இத்தனை அபூர்வமானது ஈரத்துக்கு மேலே வந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது. தோட்டத்துச் சாலையில் மெதுவாகப் போனால் என்ன குறைந்துவிடும்?

அதற்காக எந்தப் பாம்பையும் கையில் எடுத்துவிடாதீர்கள். இலையோடு இலையாகச் சுருண்டு, பகல் முழுக்க அசையாமல் கிடக்கும் பச்சை நிற மூங்கில் குழிவிரியனுக்கு விஷம் உண்டு. போட்டோவுக்காகக் கிளையை வளைக்கும் முன் உற்றுப் பாருங்கள்.

அப்புறம் நேரம். பறவைக்குப் போகிற மாதிரியே பட்டாம்பூச்சிக்கும் விடியற்காலையில் கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது. வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் அவை பறக்கும். மழை விட்டு வெயில் அடிக்கும் முற்பகல்தான் சரி. கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற பட்டாம்பூச்சிகள் புரட்டாசி, ஐப்பசியில் கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூட்டமாக இடம்பெயரும். வழியில் பூக்களை மட்டும் தேடுவது இன்னொரு தவறு. காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடியைப் பாருங்கள். ஆண் பூச்சிகள் அதை மொய்த்துக்கொண்டு, பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய வேதிப்பொருளை உறிஞ்சிக்கொண்டிருக்கும். செடியை உலுக்கிப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். பழகிய குரங்கு சாலையிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபடும்.

கடைசியாக ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்தெல்லாம் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் இது, சருகைக் கிளறித் தரையில் தத்தித் தத்தி இரை தேடும். அண்ணாந்து தேடினால் கிடைக்காது. விடியலிலும் அந்தியிலும் விசில் சத்தம் வந்த திக்கில், புதருக்கடியில் பாருங்கள். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். களைத்து வந்த பறவையை வீணாக அலைக்கழிக்கும் வேலை அது. சேலத்துக்குள்ளும் சில சமயம் களைப்பிலோ கண்ணாடியில் மோதியோ வாசலில் விழுந்து கிடக்கும். உடனே அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, பூனை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிந்துவிட்டால் அந்தி சாயும்போது புதர் உள்ள இடத்தில் விடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.