கோயில், ஓட்டு, நிலம்: தோட்டப்புறத்தில் நாம் திரும்பச் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியில் தேர்தல் நெருங்கினால் கோயில் வாசலில் கூட்டம் சேரும். வேட்பாளருக்கு மாலை போடுவோம், அவர் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிக் காட்டுவார். அந்தப் பணம் கூரை மாற்ற உதவும், சரி. ஆனால் அதோடு கோயில் பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். மானியம் வேறு, நிலம் வேறு. கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் எத்தனை நிர்வாகத்தால் உடனே பதில் சொல்ல முடியும்?

பால்மரம் வெட்ட வந்தவர்கள் தாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் பக்கத்திலேயே மாரியம்மனை வைத்துக் கும்பிட்டார்கள். தோட்ட நிர்வாகியான துரை சரி என்றார், அவ்வளவுதான். பிறகு தோட்டம் கைமாறி, துண்டாகி, தாமானாக (வீடமைப்புப் பகுதியாக) மாறியபோது அவர் சொன்ன சொல் எந்தக் கோப்பிலும் இல்லை. இதை மறந்துவிட்டு "சட்டவிரோதக் கோயில்" என்று பேசுகிறவர்கள் பெரும் அநியாயம் செய்கிறார்கள். அந்த வீடுகள் வருவதற்கு முன்பே அங்கே விளக்கு எரிந்தது.

ஆனால் நம் பக்கமும் ஒரு தவறு உண்டு. நூறு வருடமாகக் கும்பிடுகிறோம், அதனால் இடம் நமக்கே என்று நம்பியிருப்பது. தேசிய நிலச் சட்டத்தின் 48, 341ஆம் பிரிவுகளின்படி, அரசு நிலமானாலும் தனியார் நிலமானாலும், நெடுநாள் இருந்ததால் மட்டும் உரிமை வந்துவிடாது. முதன்முறை இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்தது, தவறான கதவைத் தட்டுவது. நான் கோயில் நிர்வாகத்தில் இருந்தபோது நாங்களும் இப்படித்தான் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பின்னால் நான்கு வருடம் அலைந்தோம். நிலம் மாநில அரசின் அதிகாரம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அரசு நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும், முடிவெடுப்பது மாநில ஆட்சிக்குழு. கம்பெனி நிலம் என்றால் உரிமையாளர் சம்மதித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதைத் தோட்டம் விற்பனைக்கு வரும்போதே கேட்க வேண்டும், புல்டோசர் வந்தபின் அல்ல.

இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய 2007 போராட்டத்தை வெறும் சமயக் கோபம் என்று சுருக்குவதும் தவறு. தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் கோயில் உடைக்கப்பட்டது மனதைக் கொதிக்க வைத்தது உண்மை. ஆனால் நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் கூடியவர்களுக்குத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட வலியும், வேலையும், படிப்பும் சேர்ந்தே மனதில் இருந்தன. அதனால்தான் 2008 மார்ச் 8 அன்று, 1974 முதல் இந்தத் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார். ஜெயித்தவர் கோயில் அரசியல் பேசியவர் அல்ல. தோட்டத் தொழிலாளர்களோடு நின்ற சோசலிசவாதி, டாக்டர் ஜெயக்குமார்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். அரசியலமைப்பின் 160வது பிரிவு மலாய்க்காரரை வரையறுக்கும்போதே இஸ்லாத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே இனமும் சமயமும் ஒரே முடிச்சு. அதனால் நிலத் தகராறுகூட இனத் தகராறாகக் காதில் விழுகிறது. நமக்கு அந்த முடிச்சு கிடையாது. 2010 கணக்கெடுப்பில் இந்தியர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், மற்றவர்களில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு. மேடையில் "தமிழன் என்றால் இந்து" என்று முழங்குகிறவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகும் நம் அக்காவை வெளியே தள்ளுகிறார். அதேபோல அம்னோ, பாஸ் என்ற இரு மலாய்க் கட்சிகளும் ஒரே வாக்குகளுக்காகப் போட்டி போட்டுப் பேசுவதையெல்லாம் பக்கத்து வீட்டு மாக்சிக்கின் (மலாய் அம்மாவின்) எண்ணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பகிர்வதிலும் கவனம் வேண்டும். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்டு கோயிலில் நடந்த மோதலும் அடிப்படையில் நிலத் தகராறுதான். இனக் கலவரம் என்று அது பரவியது. அந்த இரவு காயமடைந்த தீயணைப்பு வீரர் டிசம்பரில் உயிரிழந்தார்.

கடைசியாக, காகித வேலை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கோயில் நிர்வாகம் பதிவு செய்திருக்கும் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும். பதிவு ரத்தானால் நிலத்துக்கு மனுப் போடவே ஆள் இருக்காது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு அப்புறம் அந்தத் தாளையும் வாசிக்கச் சொல்லுங்கள்.